மெஷின் வாங்கும் முன் வாளி வாங்குங்கள்

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்காரும் நேரம், பாப்பாமோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. இறங்கியவர் என் தங்கையின் மகன். கட்டாரில் மூன்று வருடம் சாரதியாக இருந்துவிட்டு வந்தவர். வண்டியின் பின்பக்கம் நிறையப் பெட்டிகள். "மாமா, சாமான் எல்லாம் வந்தாச்சு. இனி கார் பொலிஷ் பண்ணுற கடைதான்" என்றார்.

ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். பொலிஷ் மெஷின் இரண்டு. கம்பவுண்ட் போத்தல்கள் ஒன்பது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பனி. செராமிக் கோட்டிங் என்று சிறு குப்பிகள் நான்கு. கம்பளி பேட், பஞ்சு பேட், நுரை கக்கும் துப்பாக்கி ஒன்று. பாதிப் பணம் கையில் இருந்ததாம், மீதிக்கு உம்மாவின் காப்பை அடகு வைத்தாராம்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, வாளி எங்கே?"

வாளி இல்லை. நல்ல ஷம்பு இல்லை. துடைக்கும் துணி ஆறு மட்டும், அதுவும் மெஷினோடு இலவசமாக வந்தது. இந்த வாரக் கட்டுரைக்கு அதுவே காரணம். என் கடையில் வாகன உதிரிப்பாகங்களோடு இந்தச் சாமான்களையும் சில வருடங்களாக விற்று வருகிறேன். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் பட்டியலின் கடைசியில் உள்ளதை முதலில் வாங்கி, முதலில் வாங்க வேண்டியதை மறந்துவிடுகிறார்கள்.

தொழில் கெட்ட தொழில் அல்ல. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதி. இடைப்பட்ட ஐந்து வருடமும் நாடு முழுக்க இருந்த வாகனங்களே கைமாறின. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது, பத்து வருடம் ஓடிய வானுக்கும் புதிதாக வாங்கிய விலையை விடக் கூடக் கேட்டார்கள், கொடுத்தார்கள். இறக்குமதி திறந்த பிறகும் வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் புதிய வாகனம் நம்மில் பலருக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. ஆகவே உள்ளதைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் சனங்களுக்கு வந்திருக்கிறது. முன்பு ஹயர் ஓடுகிறவர் வானை என்ஜினுக்காக மட்டும் பார்ப்பார். இப்போது பெயின்டையும் பார்க்கிறார்.

மன்னார்ப் பக்கத்தில் பெயின்டுக்கு எதிரிகள் அதிகம். வைகாசி தொடங்கிச் சோழகம் அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் தீவின் தென்கரையில் 30 காற்றாடிகளை நட்டு, 2020 டிசம்பரில் தம்பபவனி என்று பெயரிட்டுத் திறந்தார்கள். அவற்றைச் சுழற்றும் காற்றுத்தான் உப்பையும் மணலையும் அள்ளி வந்து நம் வாகனங்களின் மேல் கொட்டுகிறது. பாலத்தைக் கடந்து தள்ளாடி, பாப்பாமோட்டை, விடத்தல்தீவு என்று ஏ32 வீதியில் போகிறவருக்கு இரண்டு பக்கமும் உப்புத் தரவை. மீன் ஏற்றுகிற லொறிகளுக்கு ஐஸ் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு மன்னார் நகரத்துக் கழுதைகள். நிறுத்தி வைத்த காரில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போன கழுதைக்கு யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

சரி, பாடத்துக்கு வருவோம். முதலில் எதன் மேல் கை வைக்கிறோம் என்று தெரிய வேண்டும். கம்பனியில் அடித்த பெயின்ட் ஒரே பூச்சு அல்ல. தகரத்தின் மேல் துருவுக்கு எதிரான பூச்சு, அதன் மேல் ப்ரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். இவை அத்தனையும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரை. நாம் போட்டோகொப்பி எடுக்கிற ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 100 மைக்ரோன் தடிப்பு. அப்படியானால் ஒரு காரின் முழுப் பெயின்டும் ஒன்று அல்லது ஒன்றரைத் தாள் தடிப்புத்தான். அதில் நாம் தேய்க்கிற கிளியர் கோட் 40 மைக்ரோன் அளவில், தலைமயிரை விட மெல்லியது. வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கும் சரக்கும் அதற்குள்தான் இருக்கிறது. கீறலை 'எடுப்பது' என்றால் கீறலை நிரப்புவது அல்ல. கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குவது. கடுமையாக ஒருமுறை வெட்டினால் சில மைக்ரோன் போய்விடும். போனது திரும்பி வராது. ஒரு வாகனத்தின் ஆயுளில் இதை எத்தனை முறை செய்யலாம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு பெருநாளைக்கும் 'கட் அன்ட் பொலிஷ்' கேட்கும் வாடிக்கையாளரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் வேறு இடத்தில் செய்துகொண்டார், அது வேறு கதை.

பழைய வாகனங்களிலும், ஊரில் மறுபெயின்ட் அடித்தவற்றிலும் கிளியர் கோட் இல்லாமலும் இருக்கலாம். கண்ணில் படாத ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பொலிஷ் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே கிளியர் இல்லை. இது காசு செலவில்லாத சோதனை.

இப்போது வாளி. கார் ஒன்றின் மேல் வெயிலில் தெரிகிற சிலந்தி வலை போன்ற சுழிக் கீறல்கள் விபத்தால் வருவதில்லை. பெரும்பாலும் கழுவுவதாலும் துடைப்பதாலும் வருகின்றன. நமது சாரதிமார் காலையில் எழுந்தவுடன் காய்ந்த துணியால் அல்லது இறகுத் தும்பால் வண்டியைத் தட்டித் துடைப்பார்கள். முதல் நாள் இரவு படிந்த மணலைக் கொண்டு பெயின்டை உரசுகிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். அந்தப் பழக்கத்தை ஒருவரிடம் மாற்றினால் அவருக்குப் பொலிஷே தேவைப்படாமல் போகலாம். எனக்கு வியாபாரம் குறையும், பரவாயில்லை.

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷம்பு நீர், மற்றதில் வெறும் நீர். கையுறை போன்ற கழுவும் துணியை ஷம்புவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் நீரில் அலசி மணலை உதிர்த்த பிறகுதான் மறுபடி ஷம்புவுக்குள் போட வேண்டும். வாளியின் அடியில் ஒரு சல்லடைத் தட்டு வைத்தால் உதிர்ந்த மணல் மேலே எழும்பாது. எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரை நன்றாகப் பாய்ச்சித் தளர்ந்த மணலைப் போக விடுங்கள். மேலிருந்து கீழே வாருங்கள். சில்லுகளுக்கு வேறு துணி, வேறு வாளி. மட்காட்டின் உட்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் அலசாமல் மேலே மட்டும் மினுக்குவது நம்மூரில் வீண் வேலை. உப்பு கீழிருந்துதான் தகரத்தைத் தின்கிறது.

ஷம்பு பற்றி ஒரு வார்த்தை. சவர்க்காரத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் மலிவுதான். ஆனால் அவை எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தவை. பூசிய வெக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். பொலிஷ் வேலைக்கு முன் பழைய வெக்ஸை நீக்க வேண்டுமானால் ஒருமுறை பாவிக்கலாம். வாராந்தம் கழுவ வாகன ஷம்புதான் சரி.

தண்ணீரும் ஒரு பிரச்சினை. நமது பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பும் உப்பும் உண்டு. வெயிலில் கழுவினால் துளி காய்ந்து வெள்ளை வட்டமாகப் படியும். நாள் கடந்தால் அது கிளியர் கோட்டையே அரித்துத் தடம் பதிக்கும். புதிய வட்டங்களை வினாகிரியில் தண்ணீர் கலந்து துடைத்தால் போகும், பிறகு நல்ல நீரால் அலசிவிட வேண்டும். ஆகவே நிழலில், காலையில் அல்லது அஸருக்குப் பின் கழுவுங்கள். கழுவியதும் காய விடாமல் பெரிய மைக்ரோஃபைபர் துவாயால் ஒற்றி எடுங்கள். இந்தத் துணிகளை வீட்டு உடுப்புகளோடு துவைக்கக் கூடாது, மணக்கும் கண்டிஷனர் போடக் கூடாது. நிலத்தில் விழுந்த துணி அன்றைக்குப் பெயின்டில் படக் கூடாது. இருபது துணியாவது வைத்துக்கொள்ளுங்கள். என் மருமகனுடைய ஆறும் ஒரு வாகனத்துக்கே போதாது.

கழுவிய பின் கையில் மெல்லிய பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பொனட்டில் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் கிளே என்கிற களிக்கட்டி வேண்டும். ஷம்பு நீரை நிறையத் தெளித்து, அழுத்தாமல் தேய்த்தால் ஒட்டிக்கிடக்கும் உலோகத் தூளையும் பெயின்ட் தூறலையும் பிடுங்கி எடுத்துவிடும். வெல்டிங் கடைக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது அவசியம். கை தவறி மண்ணில் விழுந்தால் அந்தத் துண்டை எறிந்துவிடுங்கள். விலையை நினைத்துக் கழுவிப் பாவித்தால் ஒரு பொனட் முழுக்கக் கோடு விழும்.

இனித்தான் மெஷின். இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு இருபது வயது. புத்தளத்தில் ஒரு கராஜில் ஆறு வருடம் நின்று டிங்கரிங், பெயின்ட் வேலைகளைப் பார்த்துப் பழகினேன். பொலிஷ் மெஷின் பிடிக்கத் தெரியும் என்ற எண்ணம் அதனால் வந்தது. ஊர் திரும்பிய பிறகு, 2012இல், எனக்கு நெருங்கிய ஒரு நண்பர் தன் கருநீல வானைக் கொண்டுவந்தார். அதை வைத்துத்தான் அவருடைய குடும்பம் ஓடியது. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்து யாழ்ப்பாணப் பயணம் குறுகியிருந்ததால் அவருக்கு நல்ல ஹயர் கிடைத்துக்கொண்டிருந்த நேரம். மினுமினுப்பாக இருந்தால் கல்யாண ஹயரும் வரும் என்றார். சுற்றிச் சுழலும் பழைய வகை மெஷினில் கம்பளி பேட்டை மாட்டி, கராஜ் கம்பவுண்டைப் பூசிப் பிடித்தேன். நடுப்பகுதி கண்ணாடி போல் வந்தது. ஆசை கூடி, பொனட்டின் ஓரத்தையும் அதே வேகத்தில் பிடித்தேன். ஒரு நொடிதான். நீலத்துக்கு நடுவே விரல் நீளத்துக்கு வெள்ளை ப்ரைமர் தெரிந்தது.

ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லியதாகவே படிந்திருக்கும், மெஷினின் முழு அழுத்தமும் அந்தச் சிறு இடத்தில் வந்து விழும், சூடும் அங்கேதான் குவியும். கராஜில் ஆறு வருடம் நின்ற எனக்கு அதை ஒருவரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. பொனட் முழுவதையும் மறுபெயின்ட் அடிக்க என் செலவு. பெயின்ட் அடித்து முடியும் வரை அவர் இழந்த நான்கு நாள் ஹயருக்கும் நான் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். நட்பு போகவில்லை, ஆனால் அதன் பிறகு அவர் வானை என்னிடம் கொண்டுவந்ததில்லை.

ஆகவே தொடக்கக்காரருக்கு நான் விற்பது இரட்டை இயக்க மெஷின் மட்டும். அது சுழலும், அதோடு பக்கவாட்டிலும் அதிரும். அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும், அதனால் எரிப்பது கடினம். கடினம் என்றுதான் சொல்கிறேன், முடியாது என்று சொல்லவில்லை. வேலை மெதுவாகத்தான் நடக்கும். அந்த மெதுவே உங்கள் காப்புறுதி. பழைய வகைச் சுழல் மெஷின் கைதேர்ந்தவருக்கு நல்ல ஆயுதம். பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் இரண்டிலும் கவனம் வேண்டும், தகரத்தைப் போல் சூட்டை அது பரவ விடாது. ஓரங்களுக்கும் ரப்பர்களுக்கும் மறைப்பு நாடா ஒட்டுங்கள். மலிவு நாடா வெயிலில் பசையை விட்டுவிட்டு வரும், அதைக் கழற்ற அரை மணி நேரம் போகும்.

பேட், கம்பவுண்ட் தெரிவில் ஒரே விதி: மென்மையானதில் தொடங்குங்கள். இரண்டடிச் சதுரம் ஒன்றை நாடாவால் பிரித்து, மென்மையான பஞ்சு பேட்டும் இலேசான பொலிஷும் கொண்டு முதலில் பாருங்கள். கீறல் போகாவிட்டால் மட்டும் ஒரு படி கடினம். ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில், முக்கியமாகக் கறுப்பில், கிளியர் கோட் மென்மையானது. இலேசான பொலிஷே போதும், கடினமாகப் பிடித்தால் புதுச் சுழிகள் வரும். ஒன்பது போத்தல் தேவையில்லை. வெட்டுவதற்கு ஒன்று, முடிப்பதற்கு ஒன்று, ஒரே கம்பனியில். பேட் மட்டும் கூட வேண்டும், வாகனம் ஒன்றுக்கு நான்கைந்து. பேட் நனைந்து அடைத்துக்கொண்டால் வெட்டாது, சூடுதான் ஏற்றும்.

கொள்முதலில் நான் பட்டது ஒன்று. சில வருடங்களுக்கு முன் புறக்கோட்டையில் ஒருவரிடம் பெயர் பெற்ற கம்பவுண்ட் என்று ஐந்து லீற்றர் எடுத்தேன். லேபல் அச்சு அசல். திறந்தால் மண்ணெண்ணெய் வாடை. பழைய கதவொன்றில் பரீட்சித்தால் அரிதாள் போட்டது போல் கோடு. நல்ல வேளை, ஒருவருக்கும் விற்றிருக்கவில்லை. விலை குறைவு என்று மொத்தமாக எடுத்தது என் பேராசை. இப்போது புதுச் சரக்கு எதுவானாலும் ஒரு சிறு போத்தல் வாங்கி, பழைய தகரத்தில் பார்த்த பிறகுதான் கடையில் வைப்பேன். தகரக் கூரையின் கீழ் அடுக்கி வைத்தால் நல்ல சரக்கும் பிரிந்து கெடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெழுகு பற்றிச் சொன்னால், பிரேசில் நாட்டுப் பனையொன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகுதான் பழைய காலத்திலிருந்து பெயர் பெற்றது. பனை நிறைந்த நம்மூரில் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை. வாகன பொலிஷில் உலகப் பெயர் எடுத்த மெகுயார்ஸ் கூட 1901இல் அமெரிக்காவில் வீட்டுத் தளபாடங்களுக்கான பொலிஷாகத் தொடங்கியதுதான்.

இனி ஒரு சங்கடமான விடயம். மலிவான பொலிஷ் சிலவற்றில் எண்ணெயும் நிரப்பிகளும் கலந்திருக்கும். கீறலை அவை எடுப்பதில்லை, அடைத்து மறைக்கும். வண்டி பளபளவென்று போகும், நாலு முறை கழுவியதும் கீறல் எல்லாம் திரும்பி வரும். வண்டியை விற்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்தே கேட்பதுண்டு. "நானா, சனிக்கிழமை பார்க்க வாறாங்க, அதுவரைக்கும் நிண்டாப் போதும்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். வாங்க வருகிறவரும் நம்மவர்தான், யாரோ ஒருவரின் பல வருட உழைப்போடுதான் வருகிறார். சரக்கின் குறையை மறைத்து விற்பது பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை வியாபாரிகளுக்கு நான் படித்துக் கொடுக்கத் தேவையில்லை. நான் அந்த வேலையை எடுக்கவில்லை. வெறும் மெழுகு பூசித் தருகிறேன், கீறல் கீறலாகவே தெரியும் என்றேன். அவர் போய்விட்டார். நீங்கள் செய்த வேலையையும் நீங்களே சோதியுங்கள்: ஐசோப்ரொபைல் அற்ககோலில் தண்ணீர் கலந்து துடைத்தால் எண்ணெய் போய் உண்மை தெரியும். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். வெயிலில் அல்லது எல்ஈடி டோர்ச் அடித்துப் பாருங்கள், வாடிக்கையாளர் வெயிலில்தான் பார்ப்பார்.

வேலையை ஏற்கும் முன் வாடிக்கையாளரோடு வண்டியைச் சுற்றி வந்து, உள்ள குறைகளை ஒரு தாளில் எழுதி, போனில் படமும் எடுங்கள். துருக் குமிழி உள்ள இடத்தைப் பொலிஷ் குணப்படுத்தாது என்று அப்போதே சொல்லுங்கள். நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறல் போகாது என்றும் சொல்லுங்கள். பெயின்ட் தடிப்பு அளக்கும் கருவி வாங்க முடிந்தால் நல்லது. ஒரு கதவு 110 காட்டி அடுத்த கதவு 300 காட்டினால் அங்கே மறுபெயின்ட் நடந்திருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலை செய்யாது. புதிதாக மறுபெயின்ட் அடித்த இடத்துக்கு ஒரு மாதமாவது மெழுகு பூசாமல் விடுங்கள்.

செராமிக் கோட்டிங்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். நல்ல பொருள்தான், ஆனால் பூசும் இடத்தில் தூசி இருக்கக் கூடாது, பூசிய பின் ஒரு நாளளவு நீர் படக் கூடாது. நம்முடைய திறந்த கொட்டிலில் சோழகம் அடிக்கும்போது பூசினால் மணலையும் சேர்த்தே ஒட்டி வைப்பீர்கள். தவறாகக் காய்ந்தால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். 9எச் கடினம் என்று குப்பியில் போட்டிருப்பதைப் பார்த்துக் கல்லெறிந்தாலும் கீறாது என்று நினைக்கிறார்கள். அது பென்சில் அளவுகோல். 9எச் பென்சிலால் கோடு போட்டால் கீறவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். நம் கடற்கரை மணல் எந்தப் பென்சிலை விடவும் கடினம்.

கணக்குக்கு வருவோம். நடுத்தரக் கார் ஒன்றுக்கு எனக்குக் கம்பவுண்டும் பொலிஷும் சேர்ந்து 150 மில்லிலீற்றர் அளவு போகிறது. லீற்றர் 12,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் 1,800 ரூபா. பேட் தேய்மானம், துணி, நாடா, ஷம்பு, மின்சாரம் எல்லாம் சேர்த்து இன்னும் அதே அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒழுங்காகச் செய்தால் ஒரு வாகனம் ஒரு முழு நாளை எடுக்கும். இந்தத் தொழிலில் பெரிய செலவு மருந்து அல்ல, உங்கள் நாள்தான். பக்கத்துக் கடை குறைந்த விலை சொல்கிறது என்று இரண்டு மணி நேரத்தில் முடிக்கப் பார்த்தால் பொனட் ஓரம்தான் எரியும். கடனுக்கும் செய்யாதீர்கள். ஓடிப்போன பொலிஷைத் திருப்பி எடுக்க முடியாது.

முதல் வருமானத்துக்கு நான் சொல்வது முன்விளக்கு வேலை. விளக்கு மூடி பொலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் அதன் காப்புப் பூச்சு கெட்டு மஞ்சளாகும். 800, 1000, 2000, 3000 என்று நீர் அரிதாள்களால் வரிசையாகத் தேய்த்து, பொலிஷ் பிடித்தால் தெளிந்துவிடும். பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள், சில மாதங்களில் மறுபடி மஞ்சள். வெயில் தாங்கும் கிளியர் பூச்சு ஒன்றை மேலே அடிக்க வேண்டும், அதையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். சாமான் செலவு குறைவு, இரண்டு மணி நேர வேலை. இரவில் ஏ32இல் மாடு படுத்திருப்பது எத்தனை யார் தூரத்தில் தெரிகிறது என்பது அந்த மூடியில் இருக்கிறது.

மருமகன் கோட்டிங் குப்பிகளையும், திறக்காத ஏழு போத்தல்களையும், ஒரு மெஷினையும் நட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்தார். காப்பில் பாதிக் கடன் அடைந்தது. இரண்டு வாளியும் துணிகளும் என் கடையில் கொள்விலைக்கே எடுத்தார். பழைய இரும்புக் கடையில் கறுப்புப் பொனட் ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு வாரமாகப் பின்வளவில் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். முந்தநாள் போய்ப் பார்த்தேன். நடுவில் என் தாடி தெரிகிறது. இடது மூலையில், என் நண்பரின் வானில் விழுந்தது போலவே, விரல் நீளத்துக்கு ப்ரைமர். "மாமா, ஒரு நொடிதான்" என்றார். அந்தப் பொனட்டை எறியாமல் கொட்டில் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை ஒரு மீன் லொறியின் முன்விளக்கு இரண்டும் வருகின்றன.